தொழிற்சங்கத் தேர்தலும் சங்க மண்டபமும்

தேர்தல் என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம் மனத்தில் முதலில் தோன்றுவது வாக்குப்பெட்டியே. பெட்டிக்குப் பூட்டும் முத்திரையும் இடப்பட்டனவா, சீட்டுகள் சரிவர எண்ணப்பட்டனவா என்று ஆராய்வதோடு நமது கவலை நின்றுவிடுகின்றது. ஆயின், பெட்டி வேலை செய்வது ஒரு நாளே. அதற்கு முன் பல நாட்களாக வாக்காளருடைய மனம் உருவாகும் இடம் வேறொன்று உண்டு. அதுவே கூட்ட மண்டபம். அம்மண்டபத்தில் யார் பேசலாம், எப்பொழுது பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்பவற்றில் நீதி தவறுமாயின், பெட்டி எத்துணைப் பத்திரமாய்ப் பூட்டப்பட்டிருப்பினும் அத்தேர்தல் நேர்மையானதாகாது. இவ்வுண்மையைத் தொழிற்சங்கத் தேர்தல்களைக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இப்பொருளால் மாணவர்க்கு என்ன பயன் எனச் சிலர் வினவலாம். நாம் வாழ்வது கோயமுத்தூர் ஜில்லாவில். நம்மிற் பலர் ஆலைத் தொழிலாளருடைய மக்கள். வேறு பலர் படிப்பு முடிந்தபின் ஆலையிலோ, பாங்கியிலோ, ரயில்வேயிலோ, பள்ளிக்கூடத்திலோ வேலைக்கமர்ந்து ஏதேனுமொரு சங்கத்தில் அங்கத்தினராவார்கள். எழுத்தும் கணக்கும் அறிந்தவர் என்னும் காரணத்தினாலேயே சங்கத்தின் காரியதரிசிப் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்து சேர்தலும் உண்டு. அன்று மண்டபத்தின் சாவியும் அவர்கள் இடுப்பிலிருக்கும். சாவியை எங்ஙனம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அதைப் பெறுமுன்னரே கற்றுக்கொள்ளுதல் நலம்.

கொங்கு நாட்டில் ஆலைத்தொழில் வேரூன்றியது 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரையவர்களின் நூற்பாலை தோன்றிய காலத்திலாகும். 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் பைக்காரா மின்சாரம் மலையினின்று இறங்கி வந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர் முதலிய இடங்களில் ஆலைகள் பெருகின. கரிசற் காட்டில் பருத்தி விதைத்த குடியானவர் மக்கள் கதிர்களுக்கிடையே நின்று நூல் நூற்கத் தலைப்பட்டனர். அவர்களை ஒன்றுசேர்க்க உழைத்த தலைவர்களுள் 1912-ஆம் ஆண்டிற் பிறந்து 1943-ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்த என். ஜி. ராமசாமியவர்களின் பெயர் இந்நகரத்தில் இன்றும் மறக்கப்படவில்லை.

சங்கம் தோன்றுவதற்கு முதற்கண் வேண்டுவது பணமன்று. கூடுவதற்கு ஓர் இடமே. சென்னையில் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. அதற்கு வித்திட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் ஆவர். அவர்கள் பெரம்பூரில் நடத்திவந்த சபையில் சமயச் சொற்பொழிவு கேட்க வந்த ஆலைத் தொழிலாளர் தங்கள் குறைகளையும் அங்கே பேசத் தொடங்கினர். அப்பேச்சே சங்கமாய் முதிர்ந்தது. பின்னர் பின்னி கம்பெனியார் வாடியா முதலியோர் மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றனர். சங்கத்தை நடத்துவதே குற்றம்போற் கருதப்படுமோ என்ற அச்சம் பிறந்தது. அதன் விளைவாய் என். எம். ஜோஷி சட்டசபையில் வாதாடி, 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பெற்று, 1927-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆட்சி செய்த அச்சட்டத்தின் இடத்தை இன்று 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் ஏற்றிருக்கின்றது.

1926-ஆம் ஆண்டின் சட்டம் நிர்வாகிகளை நியமிக்கும் முறையும் நீக்கும் முறையும் ஒவ்வொரு சங்கத்தின் விதிகளிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்றது. கணக்குப் புத்தகங்களையும் அங்கத்தினர் ஜாபிதாவையும் எந்த அங்கத்தினரும் பார்வையிடலாம் என்றது. சங்கத்தின் பொதுநிதியை எவ்வெவற்றிற்குச் செலவிடலாம் என ஒரு பட்டியலும் தந்தது. அப்பட்டியலில் ஓர் அபேட்சகரை வெற்றிபெறச் செய்வதற்கான செலவு இடம்பெறவில்லை. ஆனால், தேர்தற் காலத்தில் மண்டபம் யாருக்கு என்பதைப்பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. அதைச் சங்கத்தின் விதிக்கே விட்டுவிட்டது. விதி மௌனம் சாதிக்குமாயின், சாவி வைத்திருப்பவரின் விருப்பமே விதியாகிவிடும். அபாயம் இங்கேதான் இருக்கின்றது.

தொழிலாளர் பிரசாரம் செய்யக்கூடிய இடங்களை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, ஆலையின் உட்புறம். இது முதலாளிக்குரிய இடம். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் அரசியல் சட்டத்தில் உண்டெனினும், பிறருடைய இடத்தில் அவர் அனுமதியின்றி அவற்றைச் செலுத்தும் உரிமை அதனாற் கிடைத்துவிடாது என ரயில்வே போர்டுக்கும் நிரஞ்சன் சிங் என்பவருக்கும் நடந்த வழக்கில் 1969-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாவது, தெருவும் மைதானமும். இவை பொதுமக்களுக்குரியவை. போக்குவரத்திற்கும் அமைதிக்கும் ஏற்ற கட்டுப்பாடு செய்யலாமேயன்றி, அதிகாரியின் மனம்போனபடி கூட்டத்திற்கு அனுமதி மறுத்தல் ஆகாது என ஆமதாபாத் ஹிமத்லால் ஷா வழக்கில் அந்நீதிமன்றமே 1972-ஆம் ஆண்டில் கூறிற்று. ஆலைவாயிலுக்கு வெளியே ஷிப்டு மாறும் நேரத்தில் நடைபெறும் வாயிற்கூட்டங்கள் இவ்விரண்டு இடங்களுக்கும் எல்லையில் நிற்பவை.

மூன்றாவது, சங்கத்தின் சொந்த மண்டபம். இங்கே முதலாளியின் தடையில்லை. போலீசாரின் அனுமதியும் பொதுவாக வேண்டுவதில்லை. ஆதலின் அங்கத்தினருக்கு மிகுந்த சுதந்திரம் இருக்க வேண்டிய இடம் இதுவே. ஆயினும், அநீதி மிக எளிதில் நுழையக்கூடிய இடமும் இதுவே. வெளியாரின் தடையைக் கண்டு நாம் விழித்துக்கொள்கின்றோம். நம்மவரின் தடை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மண்டபம் யாருடையது? நமது கிராமத்துச் சாவடியை எண்ணிப்பார்ப்போம். ஊர்ப்பெரியதனக்காரர் அதைப் பூட்டித் திறக்கலாம், விளக்கேற்றலாம், ஆனால் அது அவர் வீட்டுத் திண்ணையாகிவிடாது. சங்க மண்டபமும் அத்தகையதே. மாதந்தோறும் கூலியில் ஒரு பகுதியைச் சந்தாவாய்க் கொடுத்தவர் அனைவரும் அதன் உடைமையாளர். நிர்வாகிகள் அதைக் காக்கும் தர்மகர்த்தர். காப்பவரே தேர்தலில் அபேட்சகராயும் நிற்கும்போது, வேலியே பயிரை மேயாதிருக்க விதி வேண்டும்.

அநீதி நுழையும் வழிகள் பெரும்பாலும் சிறியவை. ஒருவருக்கு மண்டபம் இல்லையென்று வெளிப்படையாய்ச் சொல்பவர் அரியர். மாறாக, ஆண்டறிக்கை வாசிப்பதென்ற பெயரால் பதவியிலிருப்பவர் தம் புகழைப் பாடிவிட்டு, எதிர்ப்பக்கத்தார் எழும்போது நேரமாயிற்று என்று கூட்டத்தைக் கலைக்கலாம். சுவரில் ஒரு பக்கத்தாரின் விளம்பரம் மட்டும் தொங்கலாம். இரவு ஷிப்டுத் தொழிலாளருள் ஒருவருக்குச் செல்வாக்கு மிகுந்திருந்தால், அவர்கள் வேலைக்குச் சென்ற நேரம் பார்த்துக் கூட்டம் கூட்டப்படலாம். பெண் தொழிலாளர் வீடு திரும்பவேண்டிய பொழுதில் கூட்டத்தை நீட்டுவதும் அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதற்கு ஒப்பாகும். இவற்றுள் எதிலும் ஒரு சீட்டேனும் திருடப்படுவதில்லை. ஆயினும், தேர்தலின் முடிவு மாறிவிடுகின்றது.

இத்துறையில் விரிவான சட்டம் செய்த தேசம் அமெரிக்கா. அங்கே சில பெரிய சங்கங்களில் நடந்த ஊழல்களை மேற்சபையின் கமிட்டியொன்று ஆராய்ந்தபின் 1959-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி உள்ளூர்ச் சங்கம் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் ரகசிய வாக்கினால் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். குறைந்தது 15 நாட்களுக்கு முன் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் தபாலில் அறிவிப்பு அனுப்புதல் வேண்டும். சங்கப் பணத்தையோ முதலாளியின் பணத்தையோ எந்த அபேட்சகருக்கும் சார்பாய்ச் செலவிடலாகாது. பணம் என்பதில் சங்கத்தின் கட்டடமும், காகிதமும், சம்பளம் பெறும் ஊழியரின் நேரமும் அடங்கும். ஆகையால், ஒரு அபேட்சகருக்கு மண்டபத்தில் பேச இடங்கொடுத்தால் ஏனையோருக்கும் அவ்வண்ணமே கொடுத்தல் வேண்டும். இவ்விதி மீறப்பட்டு அதனால் முடிவு மாறியிருக்கக்கூடும் எனக் கண்டால், நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிடலாம். அச்சட்டத்தின் கருத்து எளியது: மண்டபத்தை எல்லோருக்கும் திற, அல்லது எல்லோருக்கும் பூட்டு, ஒருவருக்கு மட்டும் திறவாதே.

நமது தேசத்தில் இதற்கு நிகரான விரிவு, ஒரு சங்கத்திற்குள் நடைபெறும் தேர்தலைப்பற்றி ஏற்படவில்லை. பல சங்கங்களுள் தொழிலாளருக்கு உண்மைப் பிரதிநிதி எது என அறியும் தேர்தலைப்பற்றியே ஏற்பட்டது. 1995-ஆம் ஆண்டில் இந்திய உணவுக் கழக ஊழியர் வழக்கில் உச்சநீதிமன்றம் ரகசிய வாக்கெடுப்பின் முறையை ஒன்றன்பின் ஒன்றாய் வகுத்துக் கூறியது. வாக்காளர் ஜாபிதாவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுதல், அதன் பிரதியை ஒவ்வொரு சங்கத்திற்கும் தருதல், சீட்டை அந்தந்தப் பிரதேச பாஷையிலும் அச்சிடுதல், வேலை செய்யும் இடத்திற்கு அருகே வாக்குச்சாவடி அமைத்தல், ஒவ்வொரு சங்கமும் ஒரு பார்வையாளரை நியமித்தல் என்பன அவற்றுட் சில. ரயில்வேயில் 2007, 2013 ஆகிய ஆண்டுகளிலும் பின்னர் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 4 முதல் 6 வரையிலும் இத்தகைய ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. சங்கங்களுக்கிடையே இவ்வளவு நியாயத்தை முதலாளியிடமும் சர்க்காரிடமும் கேட்டுப் பெறும் நாம், அதே நியாயத்தை நம் சங்கத்திற்குள் நம் தோழருக்கு வழங்க வேண்டாமா?

எத்தகைய விதிகள் வேண்டும்? நம் அறிவிற்கெட்டிய அளவில் ஐந்தனைக் கூறுவோம். ஒன்று: தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள்முதல் மண்டபத்தின் பொறுப்பு, அபேட்சகரல்லாத தேர்தல் அதிகாரி ஒருவரிடம் ஒப்புவிக்கப்படுக. இரண்டு: பேசும் முறையைச் சீட்டுக்குலுக்கித் தீர்மானித்து, எல்லோருக்கும் ஒரே அளவான நேரம் தருக. மூன்று: ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஏற்ற நேரத்தில் தனித்தனிக் கூட்டம் நடைபெறுக, தமிழறியாத வடநாட்டுத் தொழிலாளர் இருப்பின் அவருக்கு விளங்கும் பாஷையிலும் செய்தி சொல்லப்படுக. நான்கு: அறிவிப்புப் பலகையில் எல்லோருக்கும் சமமான இடம் விடுக. ஐந்து: வாக்கெடுப்பு மண்டபத்திலேயே நடக்குமாயின், அன்று அங்கே பிரசாரம் முற்றிலும் நிறுத்தப்பட்டு, விளம்பரங்கள் அகற்றப்படுக. இவ்வைந்தும் செலவில்லாதவை. வேண்டுவது ஒரு கடிகாரமும், ஒரு குடமும், சிறிது மனத்தூய்மையுமே.

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் எழலாம். பதவியிலிருப்பவர் தாம் செய்த வேலையை அங்கத்தினருக்கு எடுத்துரைத்தல் கடமையன்றோ என்பது ஒன்று. ஆம், கடமையே. ஆயின், ஆண்டறிக்கைக்கு ஒரு நாளும் தேர்தற் பேச்சுக்கு வேறொரு நாளும் குறித்துவிட்டால் கடமையும் நிறைவேறும், நியாயமும் நிலைக்கும். முதலாளியோடு போராடும் சேனையில் உட்கட்சி வாதத்திற்கு இடங்கொடுத்தல் பலவீனமன்றோ என்பது மற்றொன்று. இதற்குச் சட்டத்தின் வரலாறே விடை தருகின்றது. 1926-ஆம் ஆண்டின் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் புதுச் சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம். மண்டபத்திற் பேச இடமில்லாதவன் தெருவிற்கு இறங்கி, ஆறு பேரைத் தேடிக்கொண்டால் போதும்; வேறொரு சங்கம் பிறந்துவிடும். 2001-ஆம் ஆண்டின் திருத்தம் தொழிலாளரில் நூற்றுக்குப் பத்துப் பேர் அல்லது நூறு பேர், இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் வேண்டுமென அவ்வழியைச் சிறிது குறுக்கிற்று. எனினும் பிரிவதற்கு வழி அடைபடவில்லை. சங்கங்கள் பலவாய்ப் பிரிந்ததற்கு அரசியற் காரணங்கள் பல உண்டு என்பது உண்மையே. ஆனால், தோற்றவனுக்கு நியாயமாய்த் தோற்றோம் என்ற மனநிறைவு இருந்தால், அவன் சங்கத்தினுள்ளேயே இருந்து அடுத்த தேர்தலுக்குக் காத்திருப்பான்.

பிரிவினால் வரும் நஷ்டம் இக்காலத்தில் முன்னினும் பெரிது. 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டப்படி, பல சங்கங்களுள்ள ஆலையில் நூற்றுக்கு 51 தொழிலாளரின் ஆதரவைப் பெற்ற சங்கமே தனித்து நின்று முதலாளியோடு பேச்சுவார்த்தை நடத்தும் தகுதியுடையது. அவ்வாறு எதுவுமில்லையெனின், நூற்றுக்கு 20 பேரையேனும் உடைய சங்கங்கள் கூடிய ஒரு குழுவே பேச வேண்டும். ஆகவே, மண்டபத்தில் ஓர் எதிரிக்குப் பத்து நிமிஷம் மறுத்த காரியதரிசி, கூலி பேசும் மேஜையில் தன் சங்கத்தின் நாற்காலியையே இழக்க நேரிடலாம். நஷ்டம் அவருடையது மட்டுமன்று. ஆயிரம் குடும்பங்களின் பஞ்சப்படியும் போனஸும் அந்நாற்காலியைப் பொறுத்தவை.

நியாயமான தேர்தலுக்கு நுணுக்கமான விதி வகுத்தல் தமிழருக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஒரு பாலகன் குடத்தினின்று எடுக்கும் ஓலையை வாங்கும் நடுவன், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்குதல் வேண்டும் என அங்கே விதிக்கப்பட்டிருக்கின்றது. கையில் வேறு ஓலை மறைந்திருக்கவில்லை என்பதைச் சபையார் அனைவரும் காணும்பொருட்டே இவ்விதி. நடுவன் கள்வன் என்று அவ்வூரார் கருதினாரல்லர். நல்லவனும் ஐயத்திற்கு இடமின்றி நடத்தல் வேண்டும் என்றே கருதினர்.

மாணவ நண்பர்களே, நமது கல்லூரியிலும் மன்றங்கள் பல உள. அவற்றிற்கும் தேர்தல்கள் உள. கூடும் அறையின் சாவி ஒருவர் கையில் இருந்தே தீரும். அவ்வறையில் நம்மோடு மாறுபடுபவருக்கு நமக்குள்ள நேரத்தை அளந்து கொடுத்துப் பழகுவோமாயின், நாளை சிங்காநல்லூரிலோ பீளமேட்டிலோ ஒரு சங்க மண்டபத்தின் பொறுப்பு நம்மிடம் வரும்போது அது நமக்குப் புதிய பாடமாயிராது. தொழிலாளருக்கு நாம் செய்யக்கூடிய தொண்டுகளுள் இதுவும் ஒன்றென அறிவோமாக.