வெயிலைவிட வாட்டும் புழுக்கம்

ரியாத்தில் வேலை பார்த்துத் திரும்பிய நம் சகோதரர்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள். "அங்கே 43 டிகிரியில் நடந்தாலும் சட்டை நனையாது. ஊருக்கு வந்தால் 36 டிகிரிக்கே வியர்த்துக் கொட்டுகிறது." இதில் மிகை எதுவும் இல்லை. அதே சவூதியில் ஜித்தாவிலும் தம்மாமிலும் இருந்தவர்களைக் கேளுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தைப் போலவே அங்கும் என்பார்கள். அவை கடலோர ஊர்கள். ராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் கடலை ஒட்டியே இருக்கின்றன. வெயில் எங்கும் வெயில்தான். காற்றில் கலந்துள்ள நீராவியின் அளவுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

வியர்வை எப்படிக் குளிர்விக்கிறது?

நம் உடல் சும்மா இருக்கும்போதே ஒரு 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. மூட்டை தூக்கும்போதும் வெல்டிங் வேலை செய்யும்போதும் அது பல மடங்கு கூடும். இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே போய்விடும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. காற்றும் 35 டிகிரி ஆகிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. பிறகு மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான்.

ஆனால் வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். உளூச் செய்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே நின்றால் முகமும் கையும் சில்லென்று ஆவதை அறிவோம். தண்ணீர் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதே காரணம். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் நம்மைவிட்டு நீங்கும். குழாய்த் தண்ணீர் 8 லிட்டரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ அவ்வளவு வெப்பம் வேண்டும். அதே ஒரு லிட்டர் ஆவியாகாமல் முதுகில் வழிந்து தரையில் சொட்டினால் உடலுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி மிகக் குறைவு. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. மழைநாளில் துணி காயாததற்கும், ஈரக்காற்று வீசும் நாளில் காசிமேட்டில் கருவாடு காயத் தாமதமாவதற்கும் இதுவே காரணம். மண்பானைத் தண்ணீர் வேலூரில் குளிரும் அளவுக்கு இங்கே குளிராததும் இதனால்தான். பானை குளிராத காற்றில் உடலும் எளிதில் குளிராது.

எண் சொல்லாத கதை

அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் கணக்கின்படி, 35 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால் உடல் உணர்வது ஏறத்தாழ அதே 35 டிகிரிதான். ஈரப்பதம் 60 சதவீதமானால், அதே 35 டிகிரி 45 டிகிரி போல் உறைக்கும். இது நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் இன்னும் கூடும்.

சதவீதத்திலும் ஒரு மயக்கம் உண்டு. காலையில் 80 சதவீதமாக இருந்த ஈரப்பதம் மதியம் 60 ஆனது என்று செய்தியில் கேட்டால் காற்று காய்ந்துவிட்டது என நினைப்போம். அப்படி அல்ல. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், நீராவி குறையாமலே சதவீதம் மட்டும் இறங்கும். 35 டிகிரியில் 60 சதவீதம் என்பது, 25 டிகிரியில் 80 சதவீதத்தைவிட அதிக நீராவி.

கடற்காற்றும் இருமுகம் கொண்டது. அது வந்ததும் வெப்பநிலை இறங்குகிறது. கூடவே ஈரமும் வருகிறது. கடற்கரைச் சாலையில் நிற்பவருக்குக் காற்றின் வேகம் வியர்வையை உலர்த்திவிடும். நெருக்கமான சந்துகளிலும், சன்னல் ஒரே பக்கம் உள்ள வீடுகளிலும் காற்றின் வேகம் தடைபட்டு ஈரம் மட்டும் உள்ளே தங்குகிறது. இரவிலும் கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்க, உடலுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்

கடலோர ஊர்களில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடினால்தான் பொதுவாக 'வெப்ப அலை' என்று இந்திய வானிலைத் துறை அறிவிக்கும். இந்த அளவுகோலில் ஈரப்பதம் சேராது. ஆகவே 36 டிகிரிப் புழுக்க நாளில் வெப்ப அலை அறிவிப்பு வராது. உடலுக்கு ஆபத்தோ இருக்கும். அத்தகைய நாட்களில் வானிலைச் செய்தியில், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம் என்று ஒரு வரி வரும். நாம் கவனிக்காமல் விடும் வரி அது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. கத்திரி வெயில் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இலட்சக்கணக்கானோர் முற்பகலில் மணிக்கணக்காக வெயிலில் நின்றனர். அன்று 5 பேர் உயிரிழந்தனர். பலர் மயங்கி மருத்துவமனையில் சேர்ந்தனர். வெயிலும் நீரிழப்புமே காரணமாகப் பேசப்பட்டன. கடலோரத்தில், கூட்ட நெரிசலில், அக்டோபரிலும் இது நடக்கும் என்பதே நமக்குப் பாடம்.

வறண்ட வெப்பம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். அங்கே வியர்வை உடனே காய்வதால் நீர் இழப்பதே தெரியாது. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது.

வீட்டிலும் வேலையிலும்

● எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், வியர்வை காய்கிறதா என்று பாருங்கள். நிழலில் உட்கார்ந்து பத்து நிமிடமாகியும் சட்டை ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருந்தால் கடும் வேலையைக் குறைக்க வேண்டிய நாள் அது.

● தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் வேலூருக்கும் மதுரைக்கும் ஏற்றது. நம் பகுதியில், அதிலும் மூடிய அறையில், அது ஈரத்தைத்தான் கூட்டும். அந்தப் பணத்தில் நல்ல மின்விசிறியும், சமையலறைக்கு ஒரு எக்சாஸ்ட் ஃபேனும் வாங்கலாம்.

● சமைக்கும்போது வரும் ஆவியை வெளியேற்றுங்கள். துணியை அறைக்குள் காயப்போட வேண்டாம்.

● தளர்வான பருத்தி உடை நல்லது. பர்தாவுக்கும் தடித்த பாலியஸ்டரைவிட, காற்றோட்டமான மெல்லிய துணி உடலுக்கு இதம்.

● ஜும்ஆவுக்கு நெருங்கி அமரும்போது ஒவ்வொருவரின் மூச்சும் வியர்வையும் காற்றில் ஈரத்தைச் சேர்க்கும். பள்ளிவாசல் சன்னல்கள் திறந்திருக்கட்டும். முதியவர்களுக்குக் காற்று வரும் இடத்தை விட்டுக்கொடுப்போம்.

● ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் தயார். சர்க்கரை நோயாளிகளும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

உயிருக்கு ஆபத்தான நிலை

பேச்சு குழறுவது, தடுமாறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, வலிப்பு, நினைவிழப்பு, உடல் கொதிப்பது ஆகியவை வெப்ப வாதத்தின் அறிகுறிகள். தோல் வறண்டால்தான் ஆபத்து என்ற எண்ணம் பரவலாக உள்ளது. புழுக்கத்தில் வேலை செய்தவருக்கு உடல் நனைந்திருக்கும்போதே வெப்ப வாதம் வரும். "வியர்க்கிறதே, ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரக்காற்றில் ஈரத்துணி மட்டும் போதாது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்பின் காரணத்துக்குச் சான்று வேண்டும். ஆனால் அந்த நிவாரணம் எந்த வீட்டுக்கும் தேவைப்படாமல் இருப்பதே நம் துஆ. துறைமுகத்திலும் பட்டறையிலும் கட்டடத்திலும் உழைப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை இன்றிரவே வாசித்துக் காட்டுங்கள்.