ஆத்தியும் ஆப்டாவும்

தசராவுக்கு முந்திய மாலையில் கராடியின் சாலையோரங்களில் சாமந்திப் பூக்குவியலுக்கு அருகே பச்சை இலைக் கொத்துகளும் விற்பனைக்கு வந்திருக்கும். மறுநாள் அண்டை வீட்டார் அவ்விலை ஒன்றை உங்கள் கையில் வைத்து, 'பொன் பெற்றுக்கொள்ளுங்கள்' என மராத்தியில் வாழ்த்துவர். நீங்களும் ஓர் இலை தருவீர்கள். மராத்தியர் ஆப்டா என்றழைக்கும் அம்மரத்திற்குத் தமிழில் மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு. அதுவே ஆத்தி.

இப்பெயர் உங்களுக்குப் புதிதன்று. ஒளவையார் இயற்றிய ஆத்திசூடியின் கடவுள் வாழ்த்து, ஆத்திமாலை அணிந்த சிவபெருமானைக் குறிக்கும் சொல்லோடு தொடங்குகிறது. அச்சொல்லே நூலுக்கும் பெயராயிற்று. (அத்தி வேறு, ஆத்தி வேறு. அத்தி, பழம் தரும் மரம். முதலெழுத்தைக் குறிலாக எழுதினால் மரமே மாறிவிடும்.)

பண்டைக் காலத்தில் மூவேந்தர்க்கும் தனித்தனி அடையாளப் பூக்கள் இருந்தன. சேரர் பனம்பூவையும் பாண்டியர் வேப்பம்பூவையும் சோழர் ஆத்திப்பூவையும் சூடினர். போர்க்களத்தில் ஒருவர் எப்படையைச் சேர்ந்தவர் என்பதைத் தலையில் சூடிய பூவே காட்டியது. தொல்காப்பியம் இம்மூன்றையும் குறிப்பிடுகிறது. அதில் ஆத்திக்கு 'ஆர்' என்று பெயர்.

தமிழர் பூவைப் போற்றினர். மராட்டியரோ இலையைப் போற்றுகின்றனர். அதற்கு இங்கே ஒரு கதை வழங்குகிறது. வரதந்து என்னும் முனிவரிடம் கௌத்சர் பதினான்கு கலைகளைக் கற்றார். குருதட்சிணையாகப் பதினான்கு கோடிப் பொன் கேட்டார் குரு. கௌத்சர் ரகு மன்னனை நாடினார். மன்னனோ வேள்வியில் அனைத்தையும் தானம் செய்துவிட்டு, மண்கலத்தோடு நின்றான். ஆயினும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமின்றிக் குபேரன்மீது படையெடுக்கத் துணிந்தான். அஞ்சிய குபேரன் ஆப்டா மரங்களின்மேல் பொன்மாரி பொழிந்தான். கௌத்சர் குருவுக்கு உரியதை மட்டுமே எடுத்துக்கொண்டார். எஞ்சியது மக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. கொடுத்த மன்னனைவிட, கூடுதலாக ஒரு காசும் எடுக்காத மாணவரே எனக்குப் பெரியவராகத் தோன்றுகிறார்.

வேம்பிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். குடிபாட்வா அன்று மராட்டியர் கொழுந்து வேப்பிலையை வெல்லத்தோடு உண்பர். சித்திரைப் புத்தாண்டில் நம் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி செய்வர். கசப்பும் இனிப்பும் ஒன்றே. பறிக்கும் உறுப்புதான் வேறு.

ஆத்தி சிறிய மரம். இலை நடுவே பிளந்து, மாட்டுக் குளம்பு போன்றிருக்கும். நீளத்தைவிட அகலம் மிகுதி. கோடையில் வெளிர்மஞ்சள் நிறச் சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். பட்டையிலிருந்து நார் உரித்துக் கயிறு திரிப்பர். இம்மரக் குடும்பத்தின் இரட்டை இலையைக் கண்ட ஐரோப்பியத் தாவரவியலாருக்கு, தாவரநூல் வல்லுநர்களான பாஹின் சகோதரர் இருவர் நினைவுக்கு வந்தனர். அதனால் இப்பேரினத்திற்குப் 'பாஹினியா' என்று பெயரிட்டனர். ஹாங்காங் கொடியில் உள்ள வெண்பூவும் இவ்வினத்ததே.

சந்தையில் ஆப்டா என்று விற்கப்படுவன யாவும் ஆப்டா அல்ல. மந்தாரை இலையும் அதே வடிவினது. ஆனால் அளவில் பெரியது. தமிழ்நாட்டில் மந்தாரை இலையைத் தைத்து உண்கலமாகப் பயன்படுத்துவர். ஆத்தி இலையோ சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓர் இலை தேவைப்படும் இடத்தில் ஒரு கிளையே ஒடிக்கப்படுகிறது. மறுநாள் காலை அவ்விலைகள் குப்பையில் கிடக்கின்றன. கதையின் கௌத்சர் இதைக் கண்டால் என்ன சொல்வார் என்று வகுப்பில் உரையாடுக.

பயிற்சி

1. அத்தி, ஆத்தி – பொருள் வேறுபாடு விளங்கச் சொற்றொடர் அமைக்க.
2. மூவேந்தர்க்குரிய பூக்களை எழுதுக. அவற்றுள் எம்மரத்தை நீங்கள் புனேயில் கண்டுள்ளீர்கள்?
3. உங்கள் சமையலறையில் பயன்படும் ஐந்து இலைகளின் தமிழ்ப் பெயரை வீட்டுப் பெரியவரிடமும், மராத்திப் பெயரை அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதுக.