முடி கொட்டுகிறதா? பணம் கட்டுமுன் படியுங்கள்
கந்தர்வக்கோட்டையில் முடி உதிர்வுக்கு வைத்தியம் தேடுவோர், விளம்பரத்தைப் பார்த்து 'பேக்கேஜ்' பணம் கட்டிவிடாதீர்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்புதான். கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டலாம். பெரும்பாலும் தானாகவே நின்று, மீண்டும் வளரும். அதற்கு ஆயிரக்கணக்கில் வாங்குவது அநியாயம்.

ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் முதலில் பரிசோதியுங்கள். உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே கேட்டுத் தொடங்கலாம். தோல் மருத்துவரைப் பார்க்க, புதுக்கோட்டை அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ் ஏறுங்கள். புழுவெட்டுக்கு வெங்காயம் தேய்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

முடி வளர்வதற்கான மருந்தான மினாக்ஸிடிலின் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் அதைத் தவிர்க்க வேண்டும். தனியார் கிளினிக்கில் ஊசி, முடி நடவு என்றால், செய்பவர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்று கேட்ட பிறகே சம்மதியுங்கள்.