வகுப்பறைத் தரையில் ஒரு ரயில் பாதை: அமைப்பதும் காப்பதும்

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் தெருக்களை ஒட்டிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் கற்பித்து வருகிறேன். ஆறாம் வகுப்பில் விகிதம், விகித சமம், மின்னியல் ஆகியவற்றையும் ஏழாம் வகுப்பில் வேகத்தையும் சேர்த்துக் கற்பிக்க, பொம்மை ரயில் பாதை ஒன்றைத் தரையில் அமைத்தோம். செய்து முடிக்க இரண்டு பாடவேளைகள் போதுமானதாக இருந்தன. அதை மறுநாள் வரை காப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. எங்கள் அனுபவத்தில் அந்தக் காக்கும் வேலையே மாணவர்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அதை ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் ரயில்?

செங்கல்பட்டு – அரக்கோணம் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகச் செல்கிறது. வாலாஜாபாத், காஞ்சிபுரம், திருமால்பூர், தக்கோலம் ஆகிய நிலையப் பெயர்கள் மாணவர்களுக்குப் பழக்கமானவை. சென்னைக் கடற்கரையில் புறப்பட்டு, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் வழியாக மீண்டும் கடற்கரைக்கே வரும் சுற்றுவட்ட ரயில் 2019இல் தொடங்கப்பட்டது. சுற்றின் நீளம் ஏறத்தாழ 235 கி.மீ. பொம்மை ரயில் வட்டமாக ஓடுவதைப் பார்த்த மாணவர்கள், "நம்ம ஊர் ரயிலும் இப்படித்தான் சுத்துதா?" என்று கேட்டார்கள். பாடம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது.

சமூக அறிவியல் ஆசிரியரும் உடன் சேர்ந்துகொண்டார். தக்கோலம் நிலையம் வந்ததும், 949இல் சோழ இளவரசர் இராஜாதித்தர் இராட்டிரகூடரோடு போரிட்டு உயிரிழந்த இடம் அது என்பதை எடுத்துச் சொன்னார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அந்த வாலாஜா வேறு, நம் வாலாஜாபாத் வேறு என்பதை மாணவர்களே வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

தேவையான பொருள்கள்

1. பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் ரயிலும் தண்டவாளத் துண்டுகளும். திருவிழாக் கடைகளில் கிடைக்கும். பேட்டரி எஞ்சினுக்குள் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்கவும். தண்டவாளத்தில் மின்சாரம் இருக்காது என்பதால் பாதுகாப்பானது. சுவர் மின்சாரத்தோடு எதையும் இணைக்க வேண்டாம்.
2. 60 செ.மீ. × 60 செ.மீ. அளவில் நான்கு பிளைவுட் துண்டுகள். தச்சுப் பட்டறையில் மீந்தவை போதும்.
3. பழைய சைக்கிள் டியூப், இருபக்கம் ஒட்டும் டேப், சிறு கொக்கிகள்.
4. சுண்ணக்கட்டி, நூல், அளவுகோல், கைக்கடிகாரம்.
5. நிலையங்கள் செய்யக் காலி அட்டைப்பெட்டிகள்.

அளவுத்திட்டம்: தரையில் விகிதம்

முதல் நாள் சுவரோரம் சுண்ணக்கட்டியால் பாதையை வரைந்தோம். ரயில் கால அட்டவணையில் உள்ள தொலைவுகளைப் பார்த்து, 1 கி.மீ.க்கு 5 செ.மீ. என்று ஒவ்வொரு நிலையத்தையும் குறித்தோம். இது 1 : 20,000 அளவுத்திட்டம். பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "இதே அளவில் ஒரு ரயில் பெட்டி செய்தால் எவ்வளவு நீளம் இருக்கும்?" பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிகள் பெட்டி ஏறத்தாழ 21.3 மீட்டர் நீளம். கணக்கிட்டால் 1 மி.மீ.க்குச் சற்றே அதிகம். எறும்பைவிடச் சிறிய பெட்டி! நிலத்துக்கு ஓர் அளவுத்திட்டமும் ரயிலுக்கு வேறோர் அளவுத்திட்டமும் ஏன் தேவை என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

இரண்டாம் நாள் பொம்மைத் தண்டவாளத்தின் அகலத்தை அளந்தோம். 28 மி.மீ. இருந்தது. நம் அகலப்பாதையின் உண்மையான அகலம் 1676 மி.மீ. வகுத்தால் ஏறத்தாழ 60. எனவே பாதை 1 : 60. அந்தக் கணக்கில் பெட்டி 35 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். பொம்மைப் பெட்டியோ 12 செ.மீ. "கம்பெனிக்காரங்க நம்மள ஏமாத்திட்டாங்க டீச்சர்" என்றான் ஒருவன். முழு நீளப் பெட்டி அந்தச் சிறிய வளைவில் திரும்புமா என்று ஓர் அட்டைத் துண்டை வெட்டி வைத்துப் பார்த்தார்கள். திரும்பவில்லை. காரணத்தை அவர்களே எழுதினார்கள்.

ஏழாம் வகுப்பினர் பாதையின் நீளத்தை நூலால் அளந்தனர். 240 செ.மீ. ஒரு சுற்றுக்கு 12 வினாடி. வேகம் வினாடிக்கு 20 செ.மீ. இதை 60ஆல் பெருக்கினால் வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43.2 கி.மீ.

காப்பது எப்படி?

முதல் நாள் மணி அடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இது நாளைக்கும் இருக்குமா?"

அதைச் சிறிய கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் மாணவர்கள் பலருடைய வீடுகளில் தறிக்குப் போக மீதி இடத்தில்தான் சமையலும் படுக்கையும். விளையாட்டையோ பாதி செய்த வேலையையோ அப்படியே விட்டுவைக்க இடம் இராது. பள்ளியிலும் தரை எல்லோருக்கும் உரியது. எண்ணும் எழுத்தும் வகுப்புக் குழந்தைகள் அங்கேதான் அமர்கிறார்கள். மாலையில் பெருக்க வேண்டும். பாதையைக் காக்க மற்றவர்களின் இடத்தைப் பறிக்கவும் கூடாது.

இதை வகுப்பிலேயே பேசினோம். நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி வழி சொன்னாள்: "எங்க தெருவுல பாவு நீட்டினா யாரும் மிதிக்க மாட்டாங்க டீச்சர். ஒருத்தர் பக்கத்துலயே நிப்பாங்க. வண்டி வந்தா சொல்லுவாங்க. வேலை முடிஞ்சதும் சுருட்டிடுவாங்க." ஆள் நிற்பது, வழி விடுவது, முடிந்ததும் சுருட்டுவது ஆகிய மூன்றையும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

சுருட்டுவது: தண்டவாளத்தைத் தரையில் வைக்காமல் நான்கு பலகைகளில் டேப்பால் ஒட்டினோம். பலகைகளைக் கொக்கியால் இணைத்தோம். இரு பலகைகளைச் சேர்க்கும் தண்டவாளத் துண்டுகளை மட்டும் ஒட்டவில்லை. முதலில் அவற்றைக் கழற்றி, பிறகு பலகைகளை அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவிடலாம். பலகைகளுக்கு 1 முதல் 4 வரை எண் உண்டு. எடுத்து வைக்க ஐந்து நிமிடம் ஆகும். பலகையின் அடியில் ஒட்டிய டியூப் துண்டு சிமெண்ட் தரையில் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது.

வழி விடுவது: கரும்பலகைக்குப் போகும் வழியைப் பாதை மறித்தால் யாராவது மிதிக்கத்தான் செய்வார்கள். அந்த இடத்தில் "லெவல் கிராசிங்" வைத்தோம். கேட் மூடியிருந்தால் நிற்க வேண்டும். திறந்தால், தண்டவாளத் துண்டை எடுத்த இடைவெளியில் கடக்கலாம். பாதையைச் சுற்றி ஒரு முழம் தள்ளிச் சுண்ணக்கட்டிக் கோடு போட்டோம்.

ஆள் நிற்பது: நாளுக்கு இருவர் பொறுப்பு. ஒரு பழைய நோட்டுதான் பணிப் பதிவேடு. பொறுப்பை ஏற்பவரும் ஒப்படைப்பவரும் கையொப்பமிட்டு, பாதையின் நிலையை ஒரு வரி எழுத வேண்டும். "3ஆம் பலகையில் கொக்கி தளர்ந்துள்ளது" போன்ற வரிகள், எழுதத் தயங்கிய மாணவர்களிடமிருந்தும் வந்தன. அடிக்கடி கோட்டைத் தாண்டிய இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை விரட்டாமல், பச்சைக் கொடி காட்டும் வேலையை அவர்களிடம் கொடுத்தோம். அதன் பிறகு கோட்டைத் தாண்டுபவர்களை அவர்களே தடுத்தார்கள். சிறு பாகங்களையும் பேட்டரியையும் மட்டும் அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்தோம்.

ஒரு வார இறுதியில் வகுப்பறை வேறு பயன்பாட்டுக்குத் தரப்பட்டிருந்தது. திங்களன்று பலகைகள் இடம் மாறி, அட்டையில் செய்த காஞ்சிபுரம் நிலையம் நசுங்கிக் கிடந்தது. அதைச் செய்த மாணவன் அன்று முழுவதும் பேசவே இல்லை. யாரைக் குற்றம் சொல்வது என்ற பேச்சு சிறிது நேரம் ஓடியது. பிறகு ஒருவர் சொன்னார், "வந்தவங்களுக்கு இது என்னன்னே தெரிஞ்சிருக்காது." வகுப்பு ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டியது: "இது எங்கள் ரயில் பாதை. நகர்த்த வேண்டுமானால் இருவர் சேர்ந்து, நேராகத் தூக்கவும். நன்றி. – ஆறாம் வகுப்பு." "தொடாதே" என்று எழுத ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த முறையும் பலகைகள் இடம் மாறின. ஆனால் எதுவும் உடையவில்லை.

பராமரிப்பு

தரையில் ஓடும் ரயிலுக்கு முதல் எதிரி தலைமுடியும் நூலும். எங்கள் ஊரில் உடையோடு பட்டிழை வேறு வந்துவிடும். இவை சக்கர அச்சில் சுற்றி வேகத்தைக் குறைக்கும். வாரம் ஒரு முறை எஞ்சினைத் திருப்பிப் பிடித்து, சிறு இடுக்கியால் எடுத்துவிடவும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் சுற்று நேரத்தைக் குறிக்கச் சொன்னால் உராய்வு பற்றிய பாடமும் ஆகிவிடும். தண்டவாளத்தைப் பழைய பல் துலக்கியால் துடைக்கவும். ஈரத்துணி வேண்டாம். வெயில் விழும் சன்னலோரம் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். மாலையில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் கசிந்து எஞ்சின் கெடும்.

மதிப்பீடு

தனித் தேர்வு வைக்கவில்லை. அளவுத்திட்டக் கணக்கு, சுற்று நேர அட்டவணை, பணிப் பதிவேடு ஆகிய மூன்றையும் வளரறி மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். பதிவேட்டைப் படித்தபோது, கணக்கில் பின்தங்கிய இருவர்தான் பாதையின் பழுதுகளை மிகத் துல்லியமாகக் கவனித்திருந்தது தெரிந்தது. அளத்தல் வேலையை அவர்கள் தலைமையில் விட்டேன். இப்போது அவர்கள் தசம எண்களுக்கு அஞ்சுவதில்லை.

ரயில் வாங்க இயலாத பள்ளியில் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுத்தாலும் அளவுத்திட்டம், வேகம் இரண்டும் கற்பிக்கலாம். எதைச் செய்தாலும், செய்யும் முன்பே இரண்டு கேள்விகளை மாணவர்களிடம் வையுங்கள்: மாலையில் இதை எங்கே வைப்போம்? யார் பார்த்துக்கொள்வார்கள்? விடையை அவர்களே சொல்லட்டும். ஒரு பலகையும் ஒரு நோட்டும் இருந்தால் நாளையே தொடங்கலாம்.