ஸ்கேன் எடுப்பது பாதி வேலைகூட இல்லை

திருவாலங்காடு என்றதும் ரத்தின சபையும் காரைக்கால் அம்மையாரும் நினைவுக்கு வருவார்கள். ஆவணக் காப்பு வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். 1905இல் இங்கே கிடைத்த செப்பேடுகள். மொத்தம் 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம். சமஸ்கிருதப் பகுதி கிரந்த எழுத்தில், மீதி தமிழில். 1920இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சேறியது. அந்தத் தொகுதியை இன்று இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

ஆனால் பழையனூர்க்காரர் ஒருவர் கைபேசியில் தன் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டினால் அது அகப்படுமா? முன்னுரையும் மொழிபெயர்ப்பும் ஆங்கிலம். ஊர்ப் பெயர் அங்கே ரோமன் எழுத்தில். பட்டியல் போடுபவர் தமிழ்ப் பெயரையும், மக்கள் எழுதும் மாற்று எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்தால்தான் அகப்படும். இந்தப் பட்டியலைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். சம்பளம் வாங்கவேண்டிய இடம் இதுதான்.

படமெடுப்பதிலும் கைப்பக்குவம் உண்டு. செப்பேட்டின்மேல் நேராக ஃபிளாஷ் அடித்தால் செம்பு பளபளத்து எழுத்து மறைந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அளவுகோலும் வண்ண அட்டையும் படத்துக்குள் இருக்கட்டும். மூலப் படம் டிஃப் கோப்பில். அதில் கைவைக்கவே கூடாது. வாசகருக்குத் தனியாகப் பிடிஎஃப். மூன்று பிரதிகள், ஒன்றாவது வேறு ஊரில்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவர்களுக்கு இந்த வேலை சட்டென்று பிடிபடும் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பதிவு. 'ஸ்கேன்0047' என்று கோப்புக்குப் பெயர் வைப்பவருக்கு இங்கே இடமில்லை.

நூலக அறிவியல், தமிழ், வரலாறு, கணினி, எது படித்திருந்தாலும் வரலாம்; கிரந்தம் வாசிக்கத் தெரிந்தால் மதிப்பே தனி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கையின் நூலகம் திட்டம் ஆகியவற்றின் பட்டியல்களை முதலில் ஒரு வாரம் புரட்டுங்கள். பக்கக் கணக்கில் கூலி பேசினால், பட்டியல் வேலைக்குத் தனிக் கூலி கேளுங்கள்.

ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய பத்திரக்கட்டு இருக்கும். அனுமதி கேட்டு, பத்தே பக்கம் எடுத்து, பட்டியல் போட்டு, நேர்முகத்துக்குக் கொண்டுபோங்கள்.