ஆறாத மனவடுவும் கண் அசைவுச் சிகிச்சையும்



"மூணு வாரமா பஸ் ஏறிப் போறேன். அந்த டாக்டரம்மா இன்னும் என் கதையையே கேக்கல. மெதுவா மூச்சு விடு, கால் தரையில படுதான்னு பாருன்னுதான் சொல்றாங்க." நெல்லித்தோப்புக்கு வரும் தாய்மார்கள் சிலர் இப்படிக் குறைப்படுகிறார்கள். "இதுக்கா ஒரு நாள் கூலியை விட்டுட்டுப் போறே?" என்று கணவன்மாரும் சேர்ந்துகொள்கிறார்கள். வைத்தியம் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த மூன்று வாரமும் வைத்தியம்தான் என்று சொல்லவே இந்தத் துண்டுப் பிரசுரம்.

உடம்பில் பட்ட காயம் ஆறினாலும் வடு நிற்கிறது அல்லவா? மனதிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரில் அடிபட்ட மக்களின் துன்பத்தைப் பற்றித் தமிழில் எழுதிய நூலுக்கு "மனவடு" என்றே பெயர் வைத்தார்.

இதில் இரண்டு வகை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் கடல் வந்து அடித்தது. அதுவரை நிம்மதியாக வாழ்ந்த ஒருவருக்கு அன்று ஒரே நாளில் ஏற்பட்ட வடு ஒரு வகை. ஐந்து வயதிலிருந்து இரவுதோறும் குடித்துவிட்டு வந்த தகப்பனிடம் அடி வாங்கி, சொந்தக்காரன் ஒருவனால் சீரழிக்கப்பட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் வளர்ந்தவளின் வடு வேறு வகை. இரண்டாவதைச் சிக்கலான மனவடு என்கிறோம். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள்.

இவர்களுக்குக் கெட்ட கனவும் திடுக்கிடலும் மட்டும் இல்லை. "நான் எதுக்கும் லாயக்கில்லாதவள்" என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். கோபம் வந்தால் அடங்காது. இல்லையேல் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். ஊரார் பிடிவாதம் என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். காப்பர்-டி போடவோ பிரசவப் பரிசோதனைக்கோ வந்த பெண் மேசையில் படுத்ததும் விறைத்துப்போவதற்கும் சில சமயம் இதுவே காரணம். அவளை அதட்டுவதால் பயம் இரட்டிப்பாகும், வேறு பலன் இல்லை.

கண் அசைவுச் சிகிச்சை என்பது என்ன? ஈ.எம்.டி.ஆர். என்பார்கள். அமெரிக்காவில் பிரான்சின் ஷாபிரோ என்ற பெண்மணி 1987-இல் இதைக் கண்டார். 1989-இல் முதல் கட்டுரையை வெளியிட்டார். பழைய துன்பத்தை மனதில் நினைத்துக்கொண்டே, வைத்தியர் இடமும் வலமுமாக ஆட்டும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிஷம் போல. பிறகு நிறுத்தி, என்ன தோன்றியது என்று கேட்பார். மறுபடியும் தொடர்வார். கண்ணுக்குப் பதிலாக முழங்கால்களில் மாறி மாறித் தட்டுவதும் உண்டு. நினைவு அழிந்துபோவதில்லை, அதன் கொதிப்புதான் தணிகிறது. இது மயக்க வித்தையும் அல்ல, கரண்ட் ஷாக்கும் அல்ல. 2013-இல் உலக சுகாதார நிறுவனமே இதைச் சிபாரிசு செய்தது. கண் அசைவால்தான் குணமாகிறதா என்று அறிஞர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

ஒரே நாளில் பட்ட வடுவானால் சில சந்திப்புகளிலேயே நல்ல மாற்றம் தெரியலாம். சிக்கலான வடுவுக்கு அந்த அவசரம் ஆகாது. தூர்ந்துபோன கிணற்றில் எடுத்த எடுப்பில் ஆளை இறக்குவோமா? கயிறு கட்டி, மேலே இரண்டு பேரை நிறுத்திய பிறகல்லவா இறக்குவோம்! அதனால்தான் முதலில் பல வாரங்கள் தயாரிப்பு. மனம் நிம்மதி கொள்ளும் ஓர் இடத்தை நினைத்துப் பழகுவது, கை உயர்த்தினால் உடனே நிறுத்தலாம் என்ற ஏற்பாடு, கலக்கம் மிஞ்சினால் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிப் பரணில் ஏற்றியதாகப் பாவித்துவிட்டு வீடு திரும்பும் பழக்கம் என்று பலவும் இதில் அடங்கும். "நிம்மதியான இடமே எனக்குக் கிடையாது" என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஆயாவின் மடியோ, வாசல் வேப்பமரமோ, கும்பிடும் தெய்வமோ போதும்.

பேச்சு நடுவே ஆள் இங்கேயும் நினைவு எங்கேயோவுமாகப் போய்விடுகிறவர்களை முதலில் இங்கே திரும்பி வரப் பழக்குகிறார்கள். கால் தரையில் படுகிறதா என்று கேட்பது அதற்குத்தான். பிறகும் மிகக் கொடுமையான நினைவை எடுப்பதில்லை. நேற்று நடந்த சின்னச் சச்சரவு, அல்லது பழைய சம்பவத்தில் ஒரு துளி. விரல் அசைவும் குறைந்த நேரமே. இவ்வளவு தயாரிப்பு எல்லோருக்கும் தேவையில்லை, நேரடியாகவே தொடங்கலாம் என்னும் நிபுணர்களும் உண்டு. அப்படிக் குணம் கண்டவர்களும் உண்டு. எவருக்கு எது என்பதை வைத்தியம் பார்ப்பவர் தீர்மானிக்கட்டும். செல்போனில் படம் பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. சிகிச்சை முடிந்து வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே?" என்று குடையாதீர்கள். இரண்டொரு நாள் கனவும் எரிச்சலும் கூடலாம். அன்று அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டால் குறைந்துபோக மாட்டீர்கள். பின்னாலிருந்து திடீரென்று தொடாதீர்கள். அவள் சம்மதம் இல்லாத இரவில் விலகிப் படுங்கள். மனைவிமாரே, சின்ன வயதில் அடிபட்டு வளர்ந்த ஆணுக்கும் இதே வடு உண்டு. அவர் வாய் திறந்து சொன்னால் "ஆம்பளை அழலாமா" என்று மடக்கிவிடாதீர்கள்.

இப்போதும் வீட்டில் அடி விழுந்துகொண்டிருந்தால்? எரிகிற கூரைக்குக் கீழே பாய் விரிக்க முடியாது. முதலில் அடி நிற்க வேண்டும். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குத் துணை. 181 என்ற எண்ணில் கூப்பிடலாம். குடியை நிறுத்தவும் சிகிச்சை உண்டு.

மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. கோரிமேட்டு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும், ஈ.எம்.டி.ஆர். பயிற்சி பெற்றவர் உண்டா, சிக்கலான மனவடுவுக்குப் பார்த்த பழக்கம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.