குடலும் மூளையும்

நோய்களை உறுப்பு வகையாற் பிரித்துக் காண்பது மருத்துவர் வழக்கம். மூளை நோய்க்கு ஒரு மருத்துவர். குடல் நோய்க்கு மற்றொருவர். இப்பிரிவு கற்பார்க்கும் மருந்து தருவார்க்கும் எளிமை பயப்பதாகும். ஆயினும், உடல் இவ்வாறு பிரிந்து கிடப்பதன்று. ஒன்றற்கொன்று தொலைவிலுள்ள இரண்டு உறுப்புக்களின் நோய்களுக்கு வேர் ஒன்றாதலும் கூடும் என்பதை அண்மைக்கால ஆராய்ச்சி புலப்படுத்தியுள்ளது.

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். கை நடுங்குதல், உடல் முன்னோக்கி வளைதல், நடை தடுமாறுதல் ஆகிய குறிகளை ஆறு பேரிடம் கண்டு அவர் எழுதினார். அவ்வறுவருள் சிலர் தெருவிலே அவர் கண்ணிற் பட்டவர்கள். அந்நோய் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. மூளையின் ஆழத்திலுள்ள சில நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே அதன் இயல்பு. நோயுற்றோர்க்கு மலச்சிக்கல் உண்டு என்பதையும் பார்க்கின்சன் அந்நூலிற் குறித்துள்ளார். நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே பலரிடம் மலச்சிக்கல் தோன்றிவிடுகிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது.

1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூவர் வேறொரு நோயை விளக்கினர். சிறுகுடலின் கடைப்பகுதி புண்பட்டுத் தடித்திருந்த 14 பேரின் வரலாற்றை அவர்கள் தொகுத்தனர். வயிற்றுவலியும் கழிச்சலும் உடல் மெலிவும் அதன் குறிகள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய தற்காப்பு ஆற்றல் அளவு கடந்து கிளர்ந்து, குடலையே வருத்துவதால் இவ்வழற்சி நீடிக்கிறது. இதுவே கிரோன் நோய் எனப்படுவது.

பெரும்பாலும் முதுமையில் மூளையைத் தாக்குவது ஒரு நோய். பெரும்பாலும் இளமையில் குடலைத் தாக்குவது மற்றொரு நோய். இவ்விரண்டிற்கும் உறவு உண்டென எவரே கருதுவர்?

2004ஆம் ஆண்டில், பார்க்கின்சன் நோய் வழிவழியாகத் தொடர்ந்த குடும்பங்களை ஆராய்ந்தோர், பன்னிரண்டாம் குரோமோசோமில் எல்.ஆர்.ஆர்.கே.2 என்னும் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டனர். அக்குடும்பங்களுட் சில பாஸ்கு இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே, அம்மரபணு ஆக்கும் புரதத்திற்கு, நடுக்கம் எனப் பொருள்படும் பாஸ்கு மொழிச் சொல்லினின்று 'டார்டரின்' என்று பெயரிட்டனர். 2008ஆம் ஆண்டில், கிரோன் நோயாளரின் மரபணுக்களை நலமுள்ளோருடையவற்றுடன் ஒப்பிட்டோர், அதே மரபணுவின் அருகே வேறுபாடு இருத்தலைக் கண்டு வியந்தனர்.

அப்புரதம் பிற புரதங்களைத் தூண்டும் நொதியாகும். மூளையில் மட்டுமன்றி, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களிலும் அது தொழிற்படுகிறது. அதன் அமைப்பில் ஓர் எழுத்துப் பிழைபோலச் சிறு மாற்றம் நேரினும், அது கடிவாளம் அற்ற குதிரைபோல மிகை வேகம் கொள்ளக்கூடும். 2018ஆம் ஆண்டில், மவுண்ட் சைனாயைச் சேர்ந்தோர் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி, அம்மரபணுவின் ஒரு மாற்றம் கிரோன் நோய்க்கு ஏதுவாதலையும், வேறொரு மாற்றம் இருநோய்களினின்றும் ஓரளவு காத்தலையும் காட்டிற்று. கிரோன் பணியாற்றிய இடத்திலேயே அவர் பெயர் பெற்ற நோயின் மறைந்த உறவு வெளிப்பட்டது.

அதே ஆண்டில் அமெரிக்க நாட்டில் குடல் அழற்சி நோயாளர் 1,44,018 பேரின் மருத்துவப் பதிவுகள் ஆராயப்பட்டன. பார்க்கின்சன் நோய் அவர்களிடம் பிறரினும் 28 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆனால், டி.என்.எஃப். எனப்படும் அழற்சிப் பொருளை அடக்கும் மருந்து பெற்றவரிடம், அது பெறாத நோயாளரினும் 78 விழுக்காடு குறைந்திருந்தது. இது மருந்தின் பயன்தான் என இதனால் மட்டும் முடிவு கட்டுதல் இயலாது. எனினும், நம்பிக்கை தரும் குறிப்பு இது.

இவற்றைக் கேட்டுக் குடல் நோயுற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. அவருட் பெரும்பாலோர்க்கு நடுக்குவாதம் வருவதே இல்லை. பிழையுள்ள மரபணுவைப் பெற்றவருள்ளும் பலர் நோயின்றி வாழ்கின்றனர். மரபணு என்பது விதியன்று, முன்னறிவிப்பே ஆகும். அதனைக் காலத்தே உணர்ந்து காக்கும் வழியைத் தேடுவதே அறிவியலின் கடன்.